வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைப்பது: சட்டம் உண்மையில் கேட்பது என்ன?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, இது சட்டப்படி செல்லுமா என்பதுதான். உறவினர்களிடமும் இணையத்திலும் இதற்கு இரண்டு பதில்கள் உடனே கிடைத்துவிடுகின்றன. பள்ளிக்கு அனுப்பாவிட்டால் பெற்றோரைத் தண்டிப்பார்கள் என்பது ஒன்று. நம் பிள்ளையை நாம் படிக்கவைப்பதில் அரசுக்கு என்ன வேலை என்பது மற்றொன்று. இரண்டுமே ஏதோ ஒரு நாட்டில் உண்மையாக இருப்பவை என்பதால் இரண்டையும் நம்புவது எளிது. ஆனால் தாம் வாழும் இடத்தின் சட்டத்தைப் பார்க்காமல் இவற்றுள் எதையாவது நம்பி முடிவெடுத்தால், அதன் விளைவைப் பெற்றோரைவிடப் பிள்ளைதான் சுமக்க நேரும். அதுவும் உடனே அல்ல, சில ஆண்டுகள் கழித்து, பொதுத்தேர்வு விண்ணப்பத்தை நிரப்பும்போதோ கல்லூரிச் சேர்க்கையின்போதோதான் அது தெரியவரும்.

குழப்பத்துக்குக் காரணம், ‘சட்டப்படி செல்லுமா’ என்ற ஒரே கேள்விக்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் மறைந்திருப்பதே. அந்த இடத்தின் சட்டம் எதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, பெற்றோர் யாரிடம் சொல்ல வேண்டும், பிள்ளை படிக்கிறதா என்பதை யார் சரிபார்ப்பார்கள், முடிவில் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும் ஆகியவையே அவை. ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்குப் பொருத்திப் பேசும்போதுதான் தவறான நம்பிக்கைகள் பிறக்கின்றன.

ஹோம்ஸ்கூலிங் என்று பலரும் சொல்லும் வீட்டுவழிக் கல்வி எது என்பதையும் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் பெயர் பதிவாகியிருக்க, மாலையில் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுப்பது வீட்டுவழிக் கல்வி ஆகாது. 2020-இல் பெருந்தொற்றின்போது பள்ளிகள் நடத்திய ஆன்லைன் வகுப்புகளைப் பிள்ளைகள் வீட்டில் அமர்ந்து பார்த்ததும் அப்படியே. அப்போதும் பாடத்துக்குப் பொறுப்பு பள்ளியிடமே இருந்தது. பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது என்பதைவிட, அதன் கல்விக்கு யார் பொறுப்பு என்பதையே சட்டம் பார்க்கிறது. அந்தப் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் ஏற்றுக்கொள்வதே வீட்டுவழிக் கல்வி.

கல்வி கட்டாயமா, பள்ளி கட்டாயமா?

கார் ஓட்டுவதற்கான உரிமத்தை எண்ணிப்பாருங்கள். சில இடங்களில், நீங்கள் யாரிடம் ஓட்டக் கற்றீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. தந்தையிடம் கற்றிருந்தாலும் சரி, தேர்வில் ஒழுங்காக ஓட்டிக்காட்டினால் போதும். வேறு சில இடங்களில், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் கற்றிருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள். இரண்டு இடங்களிலும் சட்டத்தின் நோக்கம் ஒன்றுதான். ஓட்டத் தெரிந்தவரே சாலைக்கு வர வேண்டும். முதல் வகைச் சட்டம் விளைவை மட்டும் கேட்கிறது. இரண்டாவது வகை, விளைவோடு அதை அடையும் வழியையும் நிர்ணயிக்கிறது.

பிள்ளைகளின் கல்வி பற்றிய சட்டங்களும் இப்படித்தான் இரண்டாகப் பிரிகின்றன. குறிப்பிட்ட வயதுவரை பிள்ளை கல்வி பெற வேண்டும், அது எங்கே என்பது பெற்றோரின் விருப்பம் என்று சொல்லும் சட்டத்தைக் கட்டாயக் கல்விச் சட்டம் எனலாம். பிள்ளை பள்ளிக்கே செல்ல வேண்டும் என்று சொல்வது கட்டாயப் பள்ளி வருகைச் சட்டம். கார் ஓட்ட விரும்பாதவர் உரிமமே எடுக்காமல் இருந்துவிடலாம். கல்வியில் அந்த விலகலுக்கு இடமில்லை. வீட்டுவழிக் கல்வியை முழுமையாக அனுமதிக்கும் நாட்டில்கூட, பிள்ளையைப் படிக்கவைக்காமல் விட்டுவிட எந்தப் பெற்றோருக்கும் உரிமை கிடையாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பது முதல் வகை. அங்கே 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, கட்டாயக் கல்வி வயதிலுள்ள பிள்ளைக்கு அதன் வயது, திறன், இயல்பு, சிறப்புத் தேவைகள் ஆகியவற்றுக்கு ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. அந்தக் கல்வி பள்ளிக்கு ஒழுங்காகச் செல்வதன் மூலமோ வேறு வகையிலோ அமையலாம் என்றும் சொல்கிறது. அந்த ‘வேறு வகை’ என்ற இடைவெளிதான் அங்கே வீட்டுவழிக் கல்வியின் சட்ட அடித்தளம். 1944-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இடம்பெற்றிருந்தது. பின்லாந்திலும் கட்டாயம் என்பது கற்றலுக்கே உரியது. வீட்டில் படிக்கும் பிள்ளையின் முன்னேற்றத்தைக் கவனிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிள்ளையின் முதன்மையான கல்வியாளர் குடும்பமே என்று 42-ஆம் உறுப்பில் ஏற்றுக்கொண்டு, குறைந்தபட்சக் கல்வி கிடைப்பதை அரசு வலியுறுத்தலாம் என்றும் அதே உறுப்பில் சேர்த்திருக்கிறது.

ஜெர்மனியில் இருப்பது இரண்டாவது வகை. மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, பிள்ளை பள்ளிக்குச் செல்லத்தான் வேண்டும். அங்கே சமய நம்பிக்கையின் அடிப்படையில் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைத்த பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை சென்றார்கள். 2006-இல் ஒரு குடும்பத்தின் மனுவை அந்த நீதிமன்றம் விசாரணைக்கே ஏற்கவில்லை. 2019 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பில், பள்ளிக்கு அனுப்ப மறுத்த பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை அதிகாரிகள் தற்காலிகமாகப் பிரித்துவைத்த நடவடிக்கைகூட குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறவில்லை என்று கூறியது.

உலக மனித உரிமைப் பிரகடனமே பெற்றோருக்கு இந்த உரிமையைத் தந்துவிட்டது என்று பலர் மேற்கோள் காட்டுவதால் இந்தத் தீர்ப்புகளை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. தம் பிள்ளைகளுக்கான கல்வியின் வகையைத் தேர்ந்தெடுப்பதில் பெற்றோருக்கே முன்னுரிமை என்று அதன் 26-ஆம் பிரிவு சொல்வது உண்மை. தொடக்கக் கல்வி கட்டாயமாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பன்னாட்டு ஆவணங்கள் நாடுகளுக்கு விரிந்த இடம் கொடுக்கின்றன. அந்த இடத்துக்குள் கோடு போடுவது உள்நாட்டுச் சட்டமே. பிரகடனத்தின் ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் அதிகாரியிடம் வாதாட முடியாது.

சுருங்கச் சொன்னால், உங்கள் நாட்டின் சட்டத்தை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது பெற்றோரின் கடமையை எந்தச் சொற்களில் விவரிக்கிறது என்பதைத்தான். கல்வி என்று நிறுத்தியிருந்தால் வழி திறந்திருக்கிறது. பள்ளி என்று எழுதியிருந்தால், விதிவிலக்கு உண்டா என்று தேட வேண்டும்.

அனுமதி, அறிவிப்பு, மௌனம்

வழி திறந்திருக்கும் நாடுகளிலும், பெற்றோர் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அனுமதி என்றால், அதிகாரி ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க முடியும். அவர் மறுக்கவும் செய்யலாம். அறிவிப்பு என்றால், பெற்றோர் தகவல் கொடுத்தால் போதும். விதித்த தகவல்கள் எல்லாம் அதில் இருந்தால் யாரும் அதை மறுக்க முடியாது. பேச்சுவழக்கில் இரண்டையுமே ‘பதிவு’ என்று சொல்லிவிடுவதால் பலர் தடுமாறுகிறார்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை பிரான்ஸ் காட்டியது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே அங்கே கட்டாயமாக இருந்தது கல்விதான். வீட்டில் படிக்கவைக்க விரும்பும் குடும்பம் ஆண்டுதோறும் அதைத் தெரிவித்தால் போதும் என்ற நிலையே நெடுங்காலம் நீடித்தது. 2021 ஆகஸ்ட் 24-ஆம் நாள் சட்டம் அதை மாற்றியது. 2022-ஆம் கல்வியாண்டு முதல் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். உடல்நலம் அல்லது மாற்றுத்திறன், தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, குடும்பம் இடம்விட்டு இடம் பெயர்தல் அல்லது பள்ளியின் தொலைவு, பிள்ளைக்கே உரிய தனித்த சூழ்நிலை ஆகிய நான்கு காரணங்களுள் ஒன்று இருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் அனுபவத்தைக் கேட்டு நடந்துகொண்டவர்களுக்கு அந்த மாற்றம் பேரிடியாக இருந்திருக்கும். ஸ்வீடனும் 2010-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் மூலம், மிகத் தனிப்பட்ட சூழ்நிலைகளில் மட்டுமே இசைவு என்ற இடத்துக்கு நகர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை நம்பக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு நாடுகளே போதும்.

அனுமதியின் ஒரு வடிவம் விலக்கு. சட்டம் எல்லோரையும் பள்ளிக்கு வரச்சொல்லிவிட்டு, தனித்தனியாக விண்ணப்பிப்பவர்களுக்கு விலக்கு அளிக்கும். சிங்கப்பூரில் 2003 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டப்படி, அங்கே வசிக்கும், சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டிப் பதினைந்தை எட்டும்வரை தேசியத் தொடக்கப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். வீட்டில் படிக்கவைக்க விரும்புவோர் பாடத்திட்டத்துடன் கல்வி அமைச்சிடம் விலக்குக் கோர வேண்டும். நியூசிலாந்தும் விலக்குச் சான்றிதழ் தரும் நாடுதான். பதிவுபெற்ற பள்ளியில் நடப்பதைப் போலவே ஒழுங்காகவும் தரமாகவும் பிள்ளைக்குக் கற்பிக்கப்படும் என்று அதிகாரிகளை நம்பவைக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்விக்கு இடம் உண்டு, விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. டெக்சாஸில், வீட்டில் நேர்மையாக நடத்தப்படும் படிப்பைத் தனியார் பள்ளியாகவே கருத வேண்டும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. அங்கே பதிவோ ஆண்டுத் தேர்வோ கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நியூயார்க் மாநிலத்திலோ, ஜூலை 1-க்குள் அறிவிப்பு, பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாடத்திட்டம், காலாண்டுக்கு ஓர் அறிக்கை, ஆண்டு முடிவில் மதிப்பீடு என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ‘அமெரிக்காவில் எல்லோரும் செய்கிறார்களே’ என்று சொல்பவரிடம் எந்த மாநிலம் என்று கேட்காமல் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை.

சட்டம் எதுவுமே சொல்லாமல் இருந்தால்? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதே பெரும்பாலோரின் வழக்கம். அது சரியல்ல என்பதை பிரேசில் உணர்த்தியது. வீட்டுவழிக் கல்வி அரசியலமைப்புக்கு முரணானது அல்ல, ஆனால் அதை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்படாதவரை அதைக் கடைப்பிடிக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தடை இல்லை என்பதே அனுமதி ஆகிவிடாது.

படிக்கிறது என்பதை எப்படிக் காட்டுவது?

அடுத்து வருவது மதிப்பீடு. அதாவது, பிள்ளைக்கு உண்மையாகவே கல்வி கிடைக்கிறது என்று வெளியாள் ஒருவர் உறுதிசெய்யும் ஏற்பாடு. பெற்றோர் பலர் இதைத்தான் அஞ்சுகிறார்கள். அருகில் சென்று பார்த்தால் அச்சம் பெரும்பாலும் குறையும்.

பென்சில்வேனியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கண்டிப்பான மாநிலங்களுள் அதுவும் ஒன்று. அங்கே பொறுப்பேற்கும் பெற்றோர் குறைந்தது உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைக் கல்வி மாவட்ட அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக்கு 180 நாள், அல்லது தொடக்க நிலையில் 900 மணி நேரமும் அதற்கு மேல் 990 மணி நேரமும் கற்பிக்க வேண்டும். இதற்குச் சான்றாக ஒரு கோப்பு பராமரிக்கப்படும். பிள்ளை வாசித்த நூல்களின் தலைப்புகளை அன்றன்றே குறித்த பதிவேடு, அது எழுதிய கட்டுரைகள், கணக்குத் தாள்கள், செய்த கைவேலைகளின் மாதிரிகள், மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்பு நிலைகளில் எழுதிய பொதுத்தரத் தேர்வின் முடிவு ஆகியவை அதில் இருக்கும். ஆண்டு முடிவில், சான்றுபெற்ற ஆசிரியரோ உளவியல் வல்லுநரோ அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்து, பிள்ளையிடம் நேரில் பேசி, தகுந்த கல்வி நடக்கிறது என்று எழுதிக்கொடுப்பார். கல்வி மாவட்டத்துக்குப் போய்ச்சேர்வது அவருடைய அந்தச் சான்றே.

இந்தக் கோப்பைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சட்டம் கேட்கும் இடத்தில் மட்டுமல்ல, கேட்காத இடத்திலும் இப்படியொரு கோப்பை வைத்திருப்பதே பெற்றோருக்கு மிகச் சிறந்த பாதுகாப்பு. தேதியிட்ட ஒரு நோட்டுப் புத்தகம், எந்த வழக்கறிஞரின் வாதத்தையும்விட வேகமாகச் சந்தேகத்தைத் தீர்க்கும். பின்னாளில் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்கும் அதுவே பதிலாக அமையும்.

சில நாடுகள் தேர்வையே நம்புகின்றன. சிங்கப்பூரில் வீட்டில் படிக்கும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும்; அந்த ஆண்டு எழுதிய மாணவர்களை எல்லாம் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 33-ஆவது விழுக்காட்டு நிலையையாவது அந்தப் பிள்ளை எட்டியிருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் ஆண்டுதோறும் வெளித்தேர்வு உண்டு. தேறாவிட்டால் பிள்ளை பள்ளிக்குச் செல்ல வேண்டியதுதான். இதற்கு மாறாக இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்றோ குறிப்பிட்ட நேரம் கற்பிக்க வேண்டும் என்றோ விதி இல்லை. ஆனால் தகுந்த கல்வி நடப்பதாகத் தெரியாத நிலையில் உள்ளாட்சி நிர்வாகம் விளக்கம் கேட்கும். பெற்றோரின் விளக்கம் போதவில்லை என்றால், இன்ன பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஆணையிடவும் முடியும். அந்த ஆணையை மீறுவது குற்றம்.

பெற்றோர் ஆசிரியர் பயிற்சிப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. இங்கிலாந்தில் எந்தத் தகுதியும் கேட்பதில்லை. கேட்கும் இடங்களிலும் பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடித்திருப்பதே போதுமானது.

இதுவரை பார்த்ததில் மனத்தில் நிற்க வேண்டியது: தொடங்குவதற்கான வாயிலும் தொடர்வதற்கான சோதனையும் தனித்தனி. வாயில் அகலமாக இருந்து சோதனை கடுமையாக இருக்கும் இடங்களும் உண்டு; வாயிலிலேயே நிறுத்திவிடும் இடங்களும் உண்டு.

இந்தியச் சட்டம் நிற்கும் இடம்

இந்தியாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். இங்கேதான் தெளிவின்மை மிகுதி. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியை 21ஏ உறுப்பின் மூலம் அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் 51ஏ உறுப்பில், பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பதைப் பெற்றோரின் கடமையாகச் சேர்த்தது. இவற்றை நடைமுறைப்படுத்த வந்த 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது.

அரசியலமைப்பு கல்வி என்ற அளவில் நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டமோ ஒரு படி மேலே செல்கிறது. அதன் 10-ஆம் பிரிவு, அருகமைப் பள்ளியில் பிள்ளையைத் தொடக்கக் கல்விக்குச் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. அப்படியே படித்தால், இது கட்டாயப் பள்ளி வருகையின் பக்கம் சாய்ந்த சட்டம். ஆனால் அந்தக் கடமையைச் செய்யத் தவறும் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுவழிக் கல்விக்கு அனுமதி தரும் பிரிவும் இல்லை. அதைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவும் இல்லை. யாரிடம் அறிவிப்பது, யார் மதிப்பிடுவது என்ற ஏற்பாடும் இல்லை.

இதிலிருந்து ‘இந்தியாவில் வீட்டுவழிக் கல்வி சட்டபூர்வமானது’ என்று முடிவுகட்டுவது அவசரம். தண்டனை இல்லாத கடமையும் கடமையே. சட்டம் பொறுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வதே நேர்மையான விவரிப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளப்படும் ஒன்றைச் செய்பவருக்கும், வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் செய்பவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல. கேள்வி எழும் நாளில் அந்த வேறுபாடு தெரியும். தம் எல்லைக்குள் வசிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியில் சேர்ந்து, வந்து, படிப்பை முடிப்பதை உறுதிசெய்து கண்காணிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9-ஆம் பிரிவு சொல்வதால், பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருபவர் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டக்கூடும். அவர் தம் கடமையைச் செய்கிறார். குழந்தைத் தொழிலாளர்களையும் படிப்பை இழந்த பெண் பிள்ளைகளையும் கண்டுபிடிப்பதற்காகவே அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. அவரை விரட்டுவதைவிடப் பிள்ளையின் கோப்பைக் காட்டுவதே முறை.

ஒரு பிரிவினருக்கு மட்டும் சட்டம் தெளிவாக வழி திறந்திருக்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பல்வகைக் குறைபாடு அல்லது கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றவர்கள். அதை மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக எடுத்துச் சொல்வது தவறு.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓரிடத்தில் பிள்ளைகளைக் கூட்டி, ஊதியத்துக்கு ஆசிரியர் ஒருவரை அமர்த்தும் ஏற்பாட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கீகாரச் சான்றிதழ் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்கிறது 18-ஆம் பிரிவு. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்து மீறும் ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் ரூபாயும் விதிக்கலாம். தம் பிள்ளைக்குத் தாமே கற்பிக்கும் பெற்றோருக்கு இந்தப் பிரிவால் சிக்கல் இல்லை. அந்தக் கூட்டு முயற்சி கட்டணம், கால அட்டவணை, பெயர்ப்பலகை என்று வளரும்போது, அதைப் பள்ளி என்று அதிகாரி கருதினால் அவரைக் குறைசொல்ல இயலாது.

சான்றிதழ் என்பது தனிக் கணக்கு

வீட்டில் படிக்கவைக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதும், அப்படிப் படித்த பிள்ளைக்கு ஏற்கத்தக்க சான்றிதழ் கிடைக்குமா என்பதும் வேறு வேறு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு செய்துவிட்டால் வீட்டுவழிக் கல்வி சட்டபூர்வமாகிவிடும் என்ற பேச்சு இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருவது. 1989-இல் மத்திய அரசால் நிறுவப்பட்ட அந்த அமைப்பு நேரடியாகப் பள்ளிக்குச் செல்ல இயலாதவர்களுக்குப் பாடமும் தேர்வும் தருகிறது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படை நிலைகளும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும் அதில் உண்டு. பத்தாம் வகுப்பு நிலையில் சேர 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்பு நிலைக்கு 15 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். அதன் சான்றிதழ் மதிப்புள்ளது. ஆனால் 10-ஆம் பிரிவின் கடமையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை.

பள்ளியில் சேராமல் பொதுத்தேர்வை மட்டும் எழுதுபவரைத் தனித்தேர்வர் என்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநிலத் தேர்வுகளிலும், கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வுகளிலும் இந்த வழி உண்டு. இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வுகளையும் இப்படி எழுதலாம். தேர்வு மையத்தைக் கண்டுபிடிப்பதும் கட்டணம் செலுத்துவதும் பெற்றோரின் பாடு. செய்முறைத் தேர்வுள்ள அறிவியல் பாடங்களுக்கு மையம் கிடைப்பது கடினம் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். பிள்ளை எந்தத் துறைக்குப் போக விரும்பினாலும், அந்தப் படிப்பின் சேர்க்கை விதிகள் எந்தெந்த வாரியங்களை ஏற்கின்றன, ஆய்வகப் பயிற்சிக்கு என்ன சான்று கேட்கின்றன என்பதைப் பத்தாம் வகுப்பு நிலைக்கு முன்பே எழுத்து வடிவில் பார்த்துவிட வேண்டும்.

பள்ளியிலிருந்து விலகும்போது

ஏற்கெனவே பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஒரு திங்கட்கிழமை முதல் அனுப்பாமல் விட்டுவிடுவது, வீட்டுவழிக் கல்வியைத் தாராளமாக ஏற்கும் நாட்டிலும் சிக்கலைத் தரும். பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை, வராத ஒவ்வொரு நாளும் அனுமதியற்ற விடுப்புதான். இங்கிலாந்தில் தலைமையாசிரியருக்கு, இன்ன தேதி முதல் பிள்ளையின் கல்விப் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குங்கள் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்தால் போதும். பள்ளி பெயரை நீக்கி உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லும். சிறப்புப் பள்ளியில் உள்ளாட்சியின் ஏற்பாட்டில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் அந்த நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குச் சென்றால், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை விலக்க உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் பெற்றாக வேண்டும். ஒரே நாடு என்று நாம் நினைக்கும் இடத்துக்குள்ளேயே விதி மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

பெற்றோர் இருவரும் ஒத்துப்போகாத குடும்பங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒருவர் வீட்டில் படிக்கவைக்க விரும்பி மற்றவர் மறுத்தால், அதுவும் அவர்கள் பிரிந்து வாழ்ந்தால், முடிவு பெரும்பாலும் நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கே பிள்ளையின் நலனே அளவுகோல். இருவரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்ற பிறகு தொடங்குவதே பாதுகாப்பு.

வேறு நாட்டிலோ மாநிலத்திலோ குடியேறினால் பழைய அனுமதி கூடவே வராது. குடும்பம் வசிக்கும் இடத்தின் சட்டமே பொதுவாகப் பொருந்தும் என்பதால், வீட்டில் படித்துவந்த பிள்ளையோடு ஜெர்மனிக்கு வேலைமாற்றம் பெறுபவர், அங்கே குடியமரும்போதே பள்ளியையும் தேட வேண்டியிருக்கும். பிள்ளையே பள்ளிக்குப் போக ஆசைப்படும் நாளும் வரலாம். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது படிப்பை முடிக்காத ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்கு ஈடாக வரத் தேவைப்படும் சிறப்புப் பயிற்சியையும் தர வேண்டும் என்கிறது. இந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், எட்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழை முன்னதாகவே பெற்றுவைத்துக்கொள்ள வேண்டும்.